சங்கிலிக்குப் பதில் என்ன?

உப்பளத்திலிருந்து இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை.

தன் தலையில் தானே அடித்துக்கொள்பவர், பிறரைக் கடிப்பவர், பொருட்களை உடைப்பவர். இவர்களை என்ன செய்வது? பல நூற்றாண்டுகளாக இதற்கு இருந்த பதில், கட்டிப் போடுவது.

1793-இல் நம் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே ஆண்டு பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனைக்கு மருத்துவர் பினெல் வந்தார். மனநோயாளிகளின் விலங்கை அவிழ்த்தவர் என்று புகழப்படுபவர் இவர்தான். உண்மையில் 1797-இல் அங்கே சங்கிலியை நீக்கியவர் கண்காணிப்பாளர் புஸ்ஸேன். முன்பு அதே இடத்தில் நோயாளியாக இருந்தவர்! நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று ஊழியர்களுக்கு உத்தரவிட்டார். ஆனால் முரண்டு பிடிப்பவர்களுக்குக் கைகளைக் கட்டும் சட்டை தொடர்ந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 1982-இல் வந்தது. அமெரிக்காவில் இவாட்டா குழுவினர், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் கவனித்தார்கள். பலருக்குச் சூழல் மாறியபோது அந்த நடத்தையின் அளவும் மாறியது.

இன்றைய நடத்தை ஆலோசகரின் வேலைக்கு இதுவே அடிப்படை. நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று குறித்துக்கொள்வார். எழுதச் சொன்னால் ஒரு சிறுவன் தலையில் அடித்துக்கொள்கிறான். உடனே நோட்டை எடுத்துவிடுகிறோம். அப்படியானால் அந்த அடிக்கு 'போதும்' என்று பொருள். அதையே சைகையாலோ அட்டையாலோ சொல்லக் கற்றுக்கொடுத்தால் அடி குறைய வழியுண்டு.

நம் நாட்டில் இப்பணியாளர்களின் பயிற்சியை நெறிப்படுத்த, 1992-இல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயும் அறிவுத்திறன் குறைபாடும் வேறு வேறு. ஆனால் சங்கிலி அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

2005-இல் சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்தது.

கட்டாதே என்று சட்டம் சொல்லிவிடும். இரவு 2 மணிக்கு மகன் சுவரில் தலையை மோதும்போது என்ன செய்வது என்று அந்தத் தாய்க்கு யார் சொல்வது? வீடு தேடி வந்து சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில், கயிறு மறுபடியும் வந்துவிடும். அதனால்தான் இந்த வேலை முக்கியம் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?