விண்வெளிப் பாவனை மென்பொருளில் சப்தமும் சங்கீதமும்: வியாழனின் துணைக்கோள்களை முன்னிட்டு ஒரு விசாரணை

விண்வெளியைக் கணினித் திரையில் பாவனை செய்து காட்டும் மென்பொருள்களுக்கு ஒலியூட்டுவது இன்று அரிய காரியமன்று; ஸ்டெல்லேரியத்தில் காட்சிக்கான கட்டளைத் தொகுப்பை எழுதும்போதே ஓர் ஒலிக்கோப்பையும் இணைத்துவிடலாம். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே, எந்தக் கிரகத்தின் மேல் வைத்தாலும் பொருந்திவிடுகின்ற, ஆதலின் எந்தக் கிரகத்தைப் பற்றியும் யாதொன்றும் உரைக்காத, நீண்ட ரீங்காரம் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு அதையே சங்கீதம் என்று கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கோள்களின் கதியிலிருந்தே நாதத்தைப் பெறவேண்டும் என்பதும், அவ்வாறு பெற்றதைச் சுவைக்காகத் திருத்தினால் திருத்தியதை வெளிப்படச் சொல்லவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வெற்றிடத்தில் சப்தம் செல்லாதே, அங்கே மௌனமன்றோ உண்மை என்பது முதல் ஆட்சேபம். வாயுமண்டலமுள்ள இடங்களுக்கு இது பொருந்தாது. 1982-ல் வெள்ளியில் இறங்கிய வெனேரா 13-ம், 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸும் அவ்விடத்து ஒலிகளை நேரிலேயே பதிவு செய்தன. ஏனைய இடங்களைப் பொறுத்தவரை, சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி திரட்டும் எக்ஸ் கதிர்களுக்கு நிறம் கொடுத்துக் கண்ணுக்குக் காட்டுவதைப் பிழையென்று கருதாத நாம், இயக்கத்தைச் சுருதியாக்கிச் செவிக்குக் காட்டுவதை மட்டும் பிழையென்பது நியாயமாகாது.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டுபவர் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி. வி. ராமன். வெறுந்தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேல்சுரங்கள், அடிநாதத்துக்கு 1.59, 2.14 என்ற ஒவ்வாத விகிதங்களில் அமைந்து சிதறிப்போகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே, கற்பொடியும் சோறும் குழைத்த கரணையை அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்தபின்போ, அதே தோல் 2, 3, 4, 5 மடங்குகளில் ஒலிக்கிறது என்பதை அவர் 1920-லும், மேலும் விரிவாக 1934-லும் விளக்கினார். இயற்கையில் இல்லாத இசைவைக் கைவினைஞன் உண்டாக்கினான். ஆனால் அவன் இட்ட கரணை எல்லோர் கண்ணிலும் படும்படி கறுப்பாகவே இருக்கிறது.

வியாழனின் துணைக்கோள்களை எடுத்துக்கொள்வோம். அயோ 1.769 நாளிலும், யூரோப்பா 3.551 நாளிலும், கானிமீட் 7.155 நாளிலும் வியாழனைச் சுற்றுகின்றன. இக்கதிகளை 26 ஸ்தாயி உயர்த்தினால், வினாடிக்கு ஏறத்தாழ 439, 219, 109 அதிர்வுகள் பெற்று, தார, மத்திய, மந்தர ஸ்தாயிகளின் மூன்று ஷட்ஜங்களாக அவை நிற்கும். இதைக் கண்டு மகிழ்ந்த மாத்திரத்தில் விகிதங்களைச் சுத்தமாக இரண்டிரண்டு மடங்காக்கிவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். பெரும் இழப்பு அங்கேதான் நேர்கிறது. கானிமீட்டின் சுற்றுக்காலம் யூரோப்பாவினுடையதைப் போல் 2.0147 மடங்கே தவிர, சரியாக இரண்டு மடங்கன்று. தம்புராவைப் போல் மேல்சுரங்கள் செறிந்த நாதத்தில் இவற்றை ஒலிக்கச் செய்தால், யூரோப்பாவின் இரண்டாம் மடங்கு அயோவோடு உரசி வினாடிக்குச் சுமார் 1.6 விம்மல் எழுப்பும். கானிமீட்டின் இரண்டாம் மடங்கு யூரோப்பாவோடு உரசி எழுப்புவதும் அதே 1.6. இவ்விரு விம்மல்களும் ஒன்றாயிருப்பதே மூன்றையும் பிணைக்கும் லாப்லாஸ் நியதி. ஏட்டில் சமன்பாடாகக் கிடக்கும் அதனை, சுருதி சேர்த்துப் பழகிய காது கேட்ட அளவிலேயே பிடித்துவிடும். சுருதியைத் திருத்தியவரோ, திருத்திய அக்கணமே நியதியைத் துடைத்தெறிந்தவராகிறார்.

கலிஸ்டோ இப்பிணைப்பில் சேராதது. கானிமீட்டை ஷட்ஜமாகக் கொண்டு, கலிஸ்டோவை மேலும் இரண்டு ஸ்தாயி ஏற்றிப் பார்த்தால், அது சதுஸ்ருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே, எந்த ஸ்வரஸ்தானத்திலும் அமராமல் நிற்கிறது. அந்தத் தனிமை செவியில் படவேண்டும்.

இதனால் மனிதர் இயற்றிய சங்கீதத்துக்கு இடமில்லை என்பதன்று. ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளின் புறப்பாட்டில் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடை மாறுவதையும், வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் வீணை ஏகாந்தம் நிகழும்போது பெருவாத்தியங்கள் ஓய்ந்து வீணை மட்டும் ஒலிப்பதையும் கண்டு வளர்ந்த ஸ்ரீரங்கவாசிகளுக்கு, இசை இயக்கத்தைப் பின்தொடர்வது புதிய சேதியன்று. திருச்சிராப்பள்ளியின் புதுக்கோட்டைச் சாலையில் 1999 முதல் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தின் குவிமாடத்தில் வியாழனைக் காட்டி, மூன்று துணைக்கோள்களுக்கு மூன்று தம்புராக்களும், தைவத மெட்டில் தந்தியை இழுத்தே பிடிக்கவேண்டிய கலிஸ்டோவுக்கு ஒரு வீணையும் வைத்து ஒரு காட்சியை அமைக்க, இவ்வூரில் வித்வான்களுக்கோ கணிதம் அறிந்தவர்களுக்கோ பஞ்சமில்லை. ராகத்துக்காக ஏதேனும் ஒரு விகிதத்தை மாற்ற நேர்ந்தால், இயற்கை தந்த எண்ணும் நாம் வைத்த எண்ணும் அந்நேரம் முழுதும் திரையின் ஓரத்தில் அருகருகே தெரியட்டும்.