கணக்கோடு கப்பலேறும் மொச்சை

காஹாங் கடைவீதிக்குச் செல்லும் நம் தோட்டத்து மக்கள் மீனும் கீரையும் வாங்கும் கையோடு நாலு துண்டு தௌஹூவும் வாங்கி வருவது வழக்கம். அதற்கு மூலமாகிய சோயா மொச்சை ஜோகூர் மண்ணில் விளைந்ததன்று. மலேசியா தனக்கு வேண்டிய சோயாவை ஏறக்குறைய முழுவதும் பிற நாடுகளிலிருந்தே வருவித்துக்கொள்கிறது. அது கப்பலேறி வந்த சரித்திரத்தில், தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கும், அக்கணக்கை நம்பிக் கூலி பெறும் தோழர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஆகையால் அதனை இங்கே சுருங்க எழுதப் புகுகின்றோம்.

சோயா சீன தேசத்தின் பழம்பயிர். எனினும், ஐரோப்பாவுக்கு அது பெருஞ்சரக்காகச் சென்றது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 1908-ல் மிட்சுயி என்னும் ஜப்பானியக் கம்பெனி மஞ்சூரிய மொச்சையை இங்கிலாந்துக்கு அனுப்பிற்று. அங்கே அதனை வாங்கியவர்கள் எண்ணெய் ஆலைக்காரர்கள். எண்ணெய் சவுக்காரத்துக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும் போயின. நசுக்கிப் பிழியும் யந்திரத்துக்கு மொச்சையின் நிறமென்ன, ஊரென்ன? ஆகவே பல வயல்களின் விளைவை ஒன்றாய்க் கொட்டி மொத்தமாக விற்பதே முறையாயிற்று.

1929 முதல் 1931 வரை அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த டார்செட், மோர்ஸ் என்னும் இருவர் ஜப்பான், கொரியா, மஞ்சூரியா நாடுகளில் சுற்றி ஆயிரக்கணக்கான சோயா வித்துக்களைத் திரட்டிச் சென்றனர். பின்னர் இரண்டாம் உலக யுத்தத்தில் மஞ்சூரிய வர்த்தகம் குலைந்தது. அமெரிக்கா முன்னணிக்கு வந்தது. 1956-ல் அமெரிக்க சோயா சங்கம் டோக்கியோ நகரில் தன் காரியாலயத்தைத் திறந்தது.

ஆனால், உணவு செய்பவன் தேவை வேறு. எண்ணெய் ஆலைக்காரன் தேவை வேறு. தௌஹூ செய்பவனுக்குப் புரதம் மிகுந்த, கண் கறுக்காத மொச்சை வேண்டும். கண் கறுத்தால் பாலின் நிறம் கெடும். ஜப்பானியர் புளிக்கவைத்து உண்ணும் நாத்தோவுக்கோ சிறு மணியே வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அது ஒரே அரிசி வெந்த பானைக்கன்றோ பொருந்தும்? நூறு வயலின் தானியம் கலந்த குவியலில் ஒரு மணி மற்றொரு மணிக்குச் சாட்சி சொல்லாது.

1996-ல் மரபணு மாற்றிய சோயா அமெரிக்காவில் வியாபாரப் பயிராக வந்தபோது இவ்வேற்றுமை முற்றிற்று. 2001-ல் ஜப்பான் அதற்கு அடையாளச் சீட்டுச் சட்டம் செய்தது. தற்செயலாய் 5 சதவிகிதம் வரை கலந்திருந்தாலும் 'மாற்றாதது' என்று எழுதலாம் என்றிருந்த சலுகையும் 2023-ல் போயிற்று. ஆகவே அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் உணவு மொச்சைக்கெனத் தனி ஏற்பாடு வளர்ந்தது. தனி வித்து, தனி வயல், துடைத்துச் சுத்தம் செய்த அறுவடை யந்திரம், தனிக் களஞ்சியம். நம் தாய்மார் முறத்தாலும் சல்லடையாலும் செய்வதை அங்கே யந்திரங்கள் செய்கின்றன. பின்பு மூட்டையோ கொள்கலனோ, எந்த வயலிலிருந்து வந்தது என்னும் தாளோடு கப்பலேறுகிறது. விவசாயிக்கு மேல்விலை கிடைப்பது மொச்சைக்கு மட்டுமன்று. அந்தத் தாளின் உண்மைக்கும் சேர்த்தேயாகும்.

இம்மாறுதல் நமக்குப் புதிதன்று. ரப்பர்த் தகடுகளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்த காலம் ஒன்றிருந்தது. 1965-ல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தபின் அழுக்கும் சாம்பலும் சோதனைச்சாலையில் அளக்கப்பட்டன. செம்பனை எண்ணெய்க்கென 2004-ல் வட்டமேசைச் சபை அமைந்தது. எண்ணெய் எத்தோட்டத்தது, அங்கே தொழிலாளியின் உரிமை காக்கப்பட்டதா என்னும் கேள்விகளையும் அதன் விதிகள் கேட்கின்றன.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றையும் சொல்லிவிடுகின்றோம். வேலைக்குப் புதிதாய் வந்த நாளில், மழைக்கு அஞ்சி, ஒருவர் வெட்டிய செம்பனைக் குலைகளை நேரில் எண்ணாமல் உத்தேசமாய் எழுதினோம். மறுநாட் காலை அவர் காரியாலய வாசலில் நின்றார். "கிராணி ஐயா, குலைக்காம்பில் என் நம்பர் போட்டிருக்கிறேன். லாரி இன்னும் ஏற்றவில்லை. வந்து எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினோம். 11 குலை குறைத்திருந்தோம். வெட்கத்தோடு திருத்தினோம்.

காம்பில் அவர் எழுதிய நம்பரும், ஒன்டாரியோ மூட்டையோடு வரும் தாளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பொருளுக்குப் பொய்யில்லாத கணக்கு வேண்டுமென்று உலகம் கேட்கிறது. அது உழைத்தவனுக்கும் வேண்டும். ஆதலால், கணக்கெழுதும் தோழர்கள் பார்த்தே எழுதுக. கூலி பெறும் தோழர்கள் சம்பளச் சீட்டைப் பத்திரமாய் வைத்து, படித்த பிள்ளையைக் கொண்டாவது வரிவரியாய்ப் படிப்பிக்கக் கேட்டறிக.