படச்சுருளிலிருந்து எண்ணிமக் கேமராவுக்கு: சென்னைத் திரையுலகின் மாற்றம்

தமிழ்த் திரைப்படங்கள் ஏறத்தாழ 90 ஆண்டுகள் படச்சுருளில்தான் எடுக்கப்பட்டன. 2004-க்குப் பின் பத்தாண்டுகளுக்குள் அந்த இடத்தை எண்ணிமக் கேமரா, அதாவது டிஜிட்டல் கேமரா, பிடித்துக்கொண்டது.

படச்சுருளின் காலம்

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசகவத'த்தை ஆர். நடராஜ முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்தார். ஆனால் படச்சுருளைக் கழுவிப் பதப்படுத்தியது பெங்களூரில். சென்னை வெயில் அந்த வேலைக்கு ஏற்றதல்ல. பின்னாளில் கோடம்பாக்கம், வடபழனி, கிண்டி எனச் சென்னையின் பல பகுதிகளில் ஸ்டுடியோக்கள் எழுந்தன. கிண்டியில் இருந்தது நரசு ஸ்டுடியோ. எங்கு எடுத்தாலும் கணக்கு அடியில்தான்.

35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. கேமராவில் மாட்டும் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்தின் நீளம் 13,500 அடி. அதற்காகச் செலவாகும் சுருளோ அதைப் போல் பல மடங்கு. எனவே நடிகர்கள் பலமுறை ஒத்திகை பார்த்த பிறகே கேமரா ஓடும். காட்சி சரியாக வந்ததா என்பது லேபில் கழுவி ரஷ் பிரிண்ட் போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. ஒளிப்பதிவாளர் ஒளிமானியையும் தம் அனுபவத்தையும் நம்பி வேலை செய்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது படச்சுருள் தட்டுப்பாட்டால், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. அதாவது இரண்டு மணி நேரம். பாட்டுகளோடு மூன்று மணி நேரம் ஓடிப் பழகிய தமிழ்ப் படத்துக்கு இது பெரிய கத்தரி.

சுருளுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்க 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருள் பெயர் பெற்றது. ஆனால் படங்கள் வண்ணத்துக்கு மாறியபோது மீண்டும் இறக்குமதியே கைகொடுத்தது.

எண்ணிமக் கேமரா

2002-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படம் ஒன்று ஹாலிவுட்டில் எண்ணிமக் கேமராவுக்கு வழி திறந்தது. தமிழில் பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' (2004) அவ்வழியில் வந்தது. அடுத்த ஆண்டு கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்'. அக்காலக் கருவிகளில் கடும் வெயில் படும் இடங்கள் வெளுத்து விவரம் இழந்தன. படச்சுருள் இதை எளிதாகத் தாங்கும். 'உன்னைப்போல் ஒருவன்' (2009) ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டது. 2010-இல் அலெக்ஸா கேமரா வந்தபின் வெளுப்புக் குறையும் பெருமளவு நீங்கியது.

உண்மையில் மாற்றத்தை விரைவாக்கியது திரையரங்குதான். முன்பு ஒவ்வோர் அரங்குக்கும் தனிப் பிரதி போட்டு, பெட்டி பெட்டியாக அனுப்ப வேண்டும். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய 'க்யூப்' போன்ற முறைகள் அந்தச் செலவை ஒழித்தன. 2012 சனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. 2013-இல் பியூஜி திரைப்படச் சுருள் தயாரிப்பை நிறுத்தியது. சென்னை லேப்களின் கழுவும் தொட்டிகள் வேலையிழந்தன. படச்சுருள் அடியோடு மறையவில்லை. 'ஓப்பன்ஹைமர்' (2023) படச்சுருளில் எடுக்கப்பட்டதே.

பாதுகாப்புச் சிக்கல்

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'கீசகவத'மும் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'சும் (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. படச்சுருள் அழியக்கூடியது, வெப்பமும் ஈரமும் அதன் பகை. ஆனாலும் பாதுகாத்தால் பல்லாண்டு நிற்கும். 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் எண்ணிமத்தில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஓடியது, படச்சுருள் தப்பியிருந்ததால்தான். எண்ணிமக் கேமராவில் எடுத்த படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. வன்தட்டில் உள்ள கோப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும்; கோப்பைப் படிக்கும் மென்பொருளும் வழக்கில் இருக்க வேண்டும். ஒரு தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்டால் அந்த வேலையைத் தொடர்வது யார் என்பதற்கு இன்னும் தெளிவான ஏற்பாடு இல்லை.