மவுஸ் பிடிக்க கை ஒத்துழைக்கலையா? கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கு வழி!

குற்றாலச் சாரல் காற்று எட்டும் தூரத்தில், தென்காசி அருகே இருக்கிறது ஆய்க்குடி. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் இங்குதான் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இன்று படிப்பு, வேலை, அரசு விண்ணப்பம் எல்லாமே கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. கை நடுங்குபவர்களுக்கும், விரலில் பலம் குறைந்தவர்களுக்கும் ஒரு சின்ன பட்டனை க்ளிக் செய்வதே பெரும்பாடு. அவர்களுக்கு விண்டோஸில் என்ன வசதி இருக்கு?

ஏன் கஷ்டமா இருக்கு?

குறி சின்னதாகவும் தூரத்திலும் இருந்தால், அதைத் தொட அதிக நேரம் ஆகும். 1954-ல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சொன்ன விதி இது. அதனால் முதல் வேலை, திரையில் எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்குவதுதான்.

என்னென்ன மாற்றலாம்?

* பாயின்டர் வேகம்: கை நடுங்கினால் வேகத்தைக் குறைத்து வைக்கலாம்.

* என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்: மவுஸை மெதுவாக நகர்த்தினால் பாயின்டர் கொஞ்சமாக நகரும், வேகமாக இழுத்தால் அதிக தூரம் ஓடும். கை நகரும் அளவும் பாயின்டர் நகரும் அளவும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், கேம் ஆடுபவர்கள் பலர் இதை ஆஃப் செய்துவிடுவார்கள்.

* ஸ்னாப் டூ: திறக்கும் பெட்டியில் இருக்கும் முக்கிய பட்டனுக்கு பாயின்டர் தானாகவே போய் நிற்கும்.

* பாயின்டர் எங்கேன்னு தெரியலையா? அதற்கான ஆப்ஷனை ஆன் செய்துவிட்டு கன்ட்ரோல் கீயைத் தட்டினால், பாயின்டரைச் சுற்றி வட்டம் தெரியும்.

மவுஸே வேண்டாமா?

இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'மவுஸ் கீஸ்' வரும். வலதுபக்க எண் பலகையில் 8, 2, 4, 6 கீகள் பாயின்டரை மேல், கீழ், இடம், வலம் நகர்த்தும். 5 அழுத்தினால் க்ளிக். எண் பலகை இல்லாத லேப்டாப்பில் இது சரிப்படாது.

கையே அசையாதவர்களுக்கு, கண் பார்வையால் இயக்கும் 'ஐ கன்ட்ரோல்' வசதி 2017-ல் விண்டோஸ் 10-ல் வந்தது. இதற்குத் தனியாக ஐ டிராக்கர் கருவி வேண்டும்.

ஒரு விஷயம்: பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இதை மாற்றினால், வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்க. அடுத்து உட்கார்பவர் மவுஸ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடுவார்!