பியூரிட்டன் பிரசங்கம்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும், பின்னர் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களிலும் தழைத்த கிறிஸ்தவப் பிரசங்க மரபு. இங்கிலாந்துத் திருச்சபையின் சீர்திருத்தம் பாதியில் நின்றுவிட்டது என்று வாதிட்டவர்களைத் தூய்மைவாதிகள் என்ற பொருளில் 'பியூரிட்டன்' என்று பிறர் ஏசினர். 1560களில் எழுந்த அந்த ஏச்சுப்பெயரே நிலைத்தது.

பிரசங்கிகள் பெருகுவதை முதலாம் எலிசபெத் அரசி விரும்பவில்லை. போதகர்கள் கூடி வேதவசனத்தை விளக்கிப் பழகிய கூட்டங்களை ஒடுக்கச் சொன்னார். கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் கிரிண்டல் அதற்கு மறுத்ததால், 1577இல் அவருடைய அதிகாரம் பறிக்கப்பட்டது. ஆயினும் 1584இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய இம்மானுவேல் கல்லூரி பிரசங்கிகளின் நாற்றங்காலாயிற்று. அதே நகரில் வில்லியம் பெர்க்கின்ஸ் (1558–1602) பிரசங்கக் கலைக்கு இலக்கணம் வகுத்தார். வசனத்தை வாசித்துப் பொருள் விளக்க வேண்டும். அதிலிருந்து உபதேசத்தை எடுக்க வேண்டும். அதைக் கேட்பவரின் வாழ்க்கையோடு பொருத்த வேண்டும். கற்ற கல்வியைப் பிரசங்க பீடத்தில் பறைசாற்றக் கூடாது என்பதும் அவர் விதி.

வாழ்க்கையோடு பொருத்தும் படி 'பயன்' என்று அழைக்கப்பட்டது. அதில்தான் இம்மரபின் உயிர் இருக்கிறது. கடவுள் எங்கும் நிறைந்தவர் என்பதைத் தத்துவமாகச் சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. 139ஆம் சங்கீதத்தையும் எரேமியா 23ஆம் அதிகாரத்தையும் கொண்டு, அடுப்படியும் சந்தையும் தறிமேடையும் அவர் சந்நிதியே என்று போதித்தனர். மறைவில் செய்யும் பாவத்துக்கு அது எச்சரிக்கை. தனிமையில் வாடுபவருக்கு ஆறுதல். எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்து இவர்களைக் கடுமுகத்தாராகச் சித்திரிப்பது நியாயமன்று.

கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பியூரிட்டன் போதகர் 800க்கு மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டுக்குள் ஒவ்வொன்றாகச் சந்தித்துப் போதிக்க முறை வகுத்தார். தறியில் நின்றபடியே எதிரில் புத்தகத்தை வைத்துப் படிக்க முடிவதை அந்தத் தொழிலின் நன்மையாக அவர் கண்டார். தேவபக்தியான வாழ்வு என்று பியூரிட்டன்கள் சொன்னது, தொழிலும் பக்தியும் இப்படி ஒன்றாவதைத்தான்.

இங்கிலாந்தில் இடையில் நீக்கப்பட்டிருந்த மன்னராட்சி மீண்டபின் பியூரிட்டன் போதகர்களின் பீடங்கள் பறிபோயின. 1660க்கும் 1662க்கும் இடையில் ஏறத்தாழ 2,000 போதகர்கள் வெளியேற்றப்பட்டனர். ஸ்டீபன் சார்னாக் சுமார் 15 ஆண்டுகள் சபையின்றி இருந்து, 1675இல்தான் லண்டனில் மீண்டும் போதகரானார். கடவுளின் பண்புகள் குறித்த அவருடைய பேருரைகள், அவர் இறந்து இரண்டாண்டு கழித்து 1682இல் அச்சேறின. கடவுள் துண்டுதுண்டாகப் பரவியிருப்பவரல்லர், ஒவ்வோரிடத்திலும் முழுமையாக இருப்பவர் என்று அவற்றில் விளக்குகிறார். அந்தப் பொருளில் அதைவிட விரிவான பியூரிட்டன் உரை வேறு இருப்பது அரிது.

அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக ஜான் பனியன் 1660 முதல் 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழித்தார். 1678இல் வெளிவந்த அவருடைய 'மோட்சப் பயணம்' நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை இயற்றினார். அது 1894இல் வெளியாயிற்று.