மார்கழிப் பிரயாணம்

நம் நாட்டில் குளிர்காலம் என்று சொல்லத்தக்கது, ஐப்பசி கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்து, ஏரிகள் நிரம்பி, விடியற்காலையில் பனி இறங்கி, நடுப்பகலிலும் வெயில் உறைக்காமல் இருக்கும் மார்கழியும் தை மாதத்தின் முற்பகுதியுமே ஆகும். உடலுக்கு இதமான அந்தச் சில வாரங்களில் பட்டணத்துக்குப் புறப்பட்டுப் போய், நாலைந்து நாள் தங்கி, கோயில்களைச் சேவித்து, சங்கீதம் கேட்டு, வாய்க்கு ருசியாக உண்டு, திரும்பும்போது வீட்டாருக்குப் புடவையும் வேட்டியும் புத்தகமும் வாங்கி வருவது என்ற வழக்கம் இங்கே வேரூன்றிய வரலாறு சுவையானது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யார், அது யாருடைய வசதிக்கேற்ப வடிவம் பெற்றது, இனி யாருக்கு உரியதாக வேண்டும் என்ற கேள்விகளுக்கும் அவ்வரலாறே விடை தருகிறது. இந்த விசாரணையைத் தொடங்க ஸ்ரீபெரும்புதூர் பொருத்தமான இடம்: கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் சென்னையும், மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் காஞ்சிபுரமும் இருக்க, இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவே பெருஞ்சாலையில் அமைந்த ஊர் அது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது, அந்த இருப்புப்பாதை திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வடக்கே விலகிப் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் சாலையையே நம்பி வாழும் ஊராக நின்றுவிட்டது. இன்றும் அங்கே ரயில் நிலையம் கிடையாது. ஆனால் அந்தச் சாலை பழமையானது. ஊருக்கு மேற்கே உள்ள சுங்குவார்சத்திரம், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் இரவு தங்கி, சமைத்து உண்டு, மறுநாள் நடையைத் தொடர இடமளித்த சத்திரத்தின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அக்காலத்தில் பலநாள் பிரயாணம் என்றாலே அது க்ஷேத்திர யாத்திரைதான். கோயில் உற்சவத்துக்குப் போன குடும்பம் அங்கே கூடும் சந்தையில் பாத்திரமும் வளையலும் வாங்கிற்று, ராத்திரியில் கூத்தோ நாதஸ்வரமோ கேட்டது, பிரசாதத்தை உண்டு திண்ணையில் படுத்தது. தரிசனம், கலை, உணவு, கொள்முதல் ஆகிய நான்கும் ஒரே பயணத்தில் சேர்ந்தே இருந்தன.

மார்கழியை இந்தப் பக்கத்து மக்களுக்கு விசேஷமாக்கியவர் ஸ்ரீ ராமாநுஜர். 1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர் என்று சம்பிரதாயம் கொண்டாடும் அவருக்கு, மார்கழியில் ஓதும் திருப்பாவையில் கொண்டிருந்த ஈடுபாட்டால் திருப்பாவை ஜீயர் என்றே ஒரு திருநாமம் ஏற்பட்டது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அவருடைய தாமுகந்த திருமேனிக்குக் குளிர்காலத்தில் வெந்நீரால் திருமஞ்சனம் செய்து கம்பளிப் போர்வை சாத்துவது வழக்கம்; ஆசாரியருக்கும் குளிருமே என்று கவலைப்படும் அந்த அன்பைக் கண்ணாரக் கண்டுவிட்டுப் புறப்படுவதே இந்தப் பிரதேசத்தின் குளிர்காலப் பயணத்துக்குத் தகுந்த தொடக்கம். இளமையில் அவர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், பிறகு காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து கைங்கரியம் செய்ததும் குருபரம்பரைக் கதைகளில் விரிவாகப் பேசப்படுகின்றன.

அந்தப் பெருமாளுக்கு நிவேதனமாகும் இட்லியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்த மாவில், பொடித்த மிளகு, சீரகம், சுக்கு ஆகியவற்றையும் நெய்யையும் கலந்து, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் நிதானமாக ஆவியில் வேகவிடுகிறார்கள். வெந்தபின் குடலையிலிருந்து எடுத்து வில்லைகளாக நறுக்கும்போது மந்தாரை இலையின் வாசனையும் சுக்கின் காரமும் சேர்ந்து எழும். குளிர்ந்த காலை வேளையில் மிளகும் சுக்கும் உடம்புக்கு உஷ்ணம் தருவன. எளிதில் கெடாத பண்டமாதலால் வழிநடைக்கும் ஏற்றது.

இந்தப் பழைய யாத்திரைக்கு நகரத்துச் சாயலைக் கொடுத்தது கோயில் பஞ்சாங்கமன்று, கச்சேரிகளின் விடுமுறைப் பட்டியல். கச்சேரி என்று இங்கே நான் குறிப்பது நியாயஸ்தலங்களையும் சர்க்கார் அலுவலகங்களையும். ஆங்கிலேயர் ஆட்சியில் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி அவை மூடப்பட்டதால், வக்கீல்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆண்டில் ஒருமுறை டிசம்பர் இறுதியில் ஒருசேர ஓய்வு கிடைத்தது. ஆகவேதான் காங்கிரஸ் மகாசபை டிசம்பரில் கூடிற்று. 1887இல் அதன் மூன்றாவது கூட்டம் சென்னையில் நடந்தது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் மாநாடும் டிசம்பரில்தான். பீப்பிள்ஸ் பார்க்கில் ஆண்டுதோறும் நடந்த பார்க் ஃபேர் என்னும் பொருட்காட்சிக்கு ஜனங்கள் திரளாக வந்தார்கள். 1886 டிசம்பர் 31ஆம் தேதி அங்கே பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டது அந்நகரத்தின் பெருந்துயரங்களுள் ஒன்று. அக்காலத்திலேயே டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னை எவ்வளவு கூட்டத்தை ஈர்த்தது என்பதற்கு அந்தச் சோகமே சாட்சி.

1927 டிசம்பரில் டாக்டர் அன்ஸாரி தலைமையில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, அதனுடன் அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் தீர்மானத்தின் பயனாக மியூசிக் அகாடமி தோன்றி, 1928 ஆகஸ்டு 18ஆம் தேதி ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயரால் திறந்துவைக்கப்பட்டது. சொந்தக் கட்டடமின்றிப் பந்தல்களிலும் பிற மண்டபங்களிலும் ஆண்டு விழாக்களை நடத்திவந்த அந்த ஸ்தாபனத்துக்கு, 1955இல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மண்டபம் 1962இல் திறக்கப்பட்டது. இடையில் சபாக்கள் பல கிளைத்தன. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற நியாயமான வேட்கையால் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதும் டிசம்பர் விழாவை விரிவுபடுத்திற்று. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி விடியற்காலையில் பஜனை செய்துகொண்டு வலம் வர, மாலையில் அதே ஊர் மண்டபங்களில் ஆலாபனை கேட்டது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய விமரிசனங்கள் வெளியூர் ரஸிகர்களையும் பெட்டி கட்டத் தூண்டின. ஐரோப்பாவில் ஸால்ஸ்பர்க் இசைவிழா 1920இலும் எடின்பரோ விழா 1947இலும் தொடங்கின என்பதை நோக்கினால், ஊர் விட்டு ஊர் போய்ப் பல நாள் தங்கிக் கலையை அனுபவிக்கும் இந்த நூற்றாண்டுப் பழக்கத்தில் சென்னை யாருக்கும் பின்தங்கவில்லை என்பது விளங்கும்.

தங்குவதற்கு இடமும் உண்பதற்கு உணவும் இல்லாமல் விழா வளராது. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ், கௌரவமான சைவச் சாப்பாட்டையும் சுத்தமான அறைகளையும் ஒரே கூரையின்கீழ் கொடுத்து, குடும்பத்தோடு தங்க உறவினர் வீட்டையோ சத்திரத்தையோ எதிர்பார்த்திருந்தவர்களின் கவலையைத் தீர்த்தது. பின்னர் சபா வாசலிலேயே கொட்டகை போட்டு, கல்யாணச் சமையலில் பெயர்பெற்ற சமையற்காரர்கள் இலை போட்டுப் பரிமாறத் தொடங்கினார்கள். கச்சேரிக்கும் கச்சேரிக்கும் இடையில் அங்கே போய், அடையும் அவியலும், கீரை வடையும், டிகிரி காப்பியும் எதிரில் வைத்துக்கொண்டு, கேட்ட தோடியைப் பற்றி முன்பின் அறியாதவரோடு வாதாடுவது அந்த விழாவின் பிரிக்க முடியாத அங்கமாயிற்று. கேட்டதைப் பேசித் தெளிய ஓர் இடம் வேண்டும். அந்த இடம் சாப்பாட்டுப் பந்தியாக அமைந்தது நம் பண்பாட்டுக்கு இயல்பே.

அகாடமி திறந்த அதே 1928இல், மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்து உருவாகிக்கொண்டிருந்த தியாகராய நகரில், காஞ்சியிலிருந்து வந்த நல்லி சின்னசாமிச் செட்டியார் பட்டுக்கடை வைத்தார். காஞ்சித் தறியும் சென்னைக் கடைவீதியும் அவ்வாறு ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையால் இணைந்தன. கர்நாடகத்துப் பட்டு நூலையும் சூரத்துச் சரிகையையும் கொண்டு காஞ்சியில் நெய்யும் கோர்வைப் புடவையின் சிறப்பு, உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நாடாக்களை ஓட்டி, இரண்டு ஊடையையும் வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்து நெய்வதில் இருக்கிறது. தறியில் நெய்பவர் ஒருவராகவும், மறுகரையின் நாடாவைத் தள்ளித் தருபவர் இன்னொருவராகவும் இருவர் உழைத்தால்தான் அது நடக்கும். இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தைப் புடவையின் பின்பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தால் மெல்லிய மேடு தட்டுப்படும். கடைக்குப் போகுமுன் காஞ்சியில் ஒரு தறியருகே அரைமணி நேரம் நின்று இதைப் பார்த்தவர், விலையை வேறு கண்ணோடு நோக்குவார். பேரம் பேசும் நாவும் சற்றே அடங்கும்.

இவ்வளவு சீரும் சிறப்பும் கொண்ட இந்த வழக்கத்தில் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. விடுமுறை பெற்றவர்களுடைய பஞ்சாங்கத்தைக் கொண்டே அது பிறந்தமையால், நெடுங்காலம் அது அவர்களுடைய சொத்தாகவே இருந்தது. உழவருக்கும் நெசவாளருக்கும் டிசம்பர் விடுமுறை ஏது? இன்று இந்தப் பக்கத்து ஊர்களின் நிலைமை ஆலைகளால் மாறியிருக்கிறது. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டு 1998இல் கார்களை வெளிக்கொணர்ந்தது. 2006இல் நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் மூடப்பட்டுப் பல்லாயிரவர் பிழைப்பைக் கலக்கியது. 2010இல் ரெனோ நிஸ்ஸான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடம் ஆலைகளின் ஊராயிற்று. பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளில் தங்கி, ஷிப்டு முறையில் உழைக்கும் இளைஞர்களும் பெண்களும் காஞ்சிக்கும் சென்னைக்கும் நடுவில் வாழ்கிறார்கள். கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாக மட்டுமே இந்த நாட்டைப் பார்த்துவிட்டுப் பலர் ஊர் திரும்பிவிடுவது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. வாசல்கள் திறந்தே இருக்கின்றன. அகாடமியில் காலைநேர விளக்கவுரைகளுக்கும், பல சபாக்களில் நண்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்கும் கட்டணம் இல்லை. நாளைய வித்வான்களை அவர்கள் பெயர் பெறுமுன் கேட்கும் பாக்கியம் அந்த வேளையில்தான் கிட்டும்.

ஆகவே, ஷிப்டு விடுப்பைச் சேர்த்துவைத்து மூன்று நாள் ஒதுக்கக்கூடியவர் இவ்வாறு திட்டமிடலாம். டிசம்பர் முதல் பாதியைத் தவிர்ப்பது நல்லது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்த வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலையும் கண்டவர்க்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை; பிற்பாதியில் மழை பெரும்பாலும் ஓய, விழாவும் களைகட்டியிருக்கும். முதல் நாள் வைகறையில் ஸ்ரீபெரும்புதூர் கோயிலைச் சேவித்துக் காஞ்சிக்குப் போய், நடுப்பகலில் கோயில்கள் நடை சாத்துமுன் வரதராஜரையும், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலையும் பார்த்து, பிற்பகலைத் தறிக்கும் கூட்டுறவுச் சங்கக் கடைக்கும் கொடுக்கலாம். இரண்டாம் நாள் மயிலாப்பூர்: விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதி, காலையில் விளக்கவுரை, நண்பகலில் இலவசக் கச்சேரி, சபா கொட்டகையில் சாப்பாடு, மாலையில் கட்டணச் சீட்டு எடுத்து ஒரே ஒரு பெரிய கச்சேரி. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமையாக இல்லாதபட்சத்தில், 1851இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளை நிதானமாகக் கண்டு, மாலையில் தியாகராய நகர்ப் பாண்டி பஜாருக்குப் போகலாம். பொங்கலை ஒட்டி விடுப்பு கிடைப்பவர், 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் கொள்முதலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கேட்டும் கண்டும் உண்டும் பழகிய மனம் எதை வாங்க வேண்டும், எதை வாங்காமல் விடலாம் என்பதைத் தானே அறியும். நம் முன்னோர் உற்சவம் முடித்துச் சந்தைக்குப் போனதும் அதே முறைதான். கிறிஸ்துமஸ் விடுமுறை சிலருக்குக் கொடுத்த இந்த நல்ல வழக்கம், ஒரகடத்தில் கார் பூட்டும் கைகளுக்கும் உரியதாகும் போதுதான் முழுமை பெறும். சபாக்கள் ஷிப்டு நேரத்தை மனத்தில் கொண்டு கச்சேரிகளை அமைப்பதும், ஆலைகள் டிசம்பர் கடைசி வாரத்தில் தொழிலாளரை அழைத்துச்செல்ல ஒரு பஸ் விடுவதும் செய்யமுடியாத அரிய காரியங்களல்ல. அவை தொடங்கும்வரை காத்திராமல், அடுத்த மார்கழிக்கான விடுப்பு விண்ணப்பத்தை இப்போதே எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.