இரண்டரை அடி அகலம்

சில்லுக்குச் சில்லு எவ்வளவு இடைவெளி? ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பேசர் தேடுறவங்க மட்டும் கேட்கிற கேள்வி இல்ல இது. இரத்தினபுரியின் வரலாறும் இதில்தான் மாட்டிக்கிட்டது.

1912இல் களனிவெளிப் பாதையில் இங்கே கோச்சி வந்தது. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. தேயிலையும் இறப்பரும் ஏற்ற வெள்ளைக்காரன் போட்ட பாதை. தண்டவாள அகலம் இரண்டரை அடி. மற்றப் பாதைகளில் ஐந்தரை அடி. ஒடுக்கமென்றால் செலவு குறைவு, மலை வளைவிலும் திரும்பும். ஆனா வேகம் எடுக்காது, மற்றப் பாதைப் பெட்டிகளும் இதில் ஓடாது. லொறியும் பஸ்ஸும் பெருகியதும் தோற்றது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் மூடினார்கள். பின்னாளில் அகலமாக்கியதும் அவிசாவளையோடு நின்றது.

காரிலும் அகலத்துக்கு விலை உண்டு. பக்கத்துக்கு 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் மொத்தம் 30 மி.மீ. கூடும், வளைவில் பிடிமானம் வரும். ஆனா பேரிங்குக்குப் பாரம் கூடும், டயர் மட்காட்டில் உரசலாம். ஸ்பேசரின் நடு ஓட்டை ஹப்பில் இறுக்கமா உட்காரணும். நட்டுக்குப் போதிய மரை இல்லாட்டி நீளமான போல்ட் மாத்தணும்.

கோச்சிப் பாதையின் அகலத்தைத் தோட்டத்துச் சனத்திடம் யாரும் கேட்கல. உங்க காரின் அகலம் உங்க கையில். அளந்து போடுங்க.